குடும்பச் சூழ்நிலை காரணமாக

அன்புள்ள மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது, சிக்னல் சரியில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லிப் பாதியில் வைத்துவிட்டேன் அல்லவா? அது பொய். பெரம்பலூரில், அதுவும் நம் வீட்டு மாடிப்படிக்குப் பக்கத்தில், சிக்னலுக்கு என்ன கேடு? சரியில்லாமல் போனது நான்தான். சாம்பார்ப் பொடிக்கு அளவு கேட்பதுபோலப் பேச்சோடு பேச்சாக நீ கேட்டாய்: "அம்மா, பிரமோஷன் வேணாம்னு ஒங்க ஆபீஸ்ல எழுதிக் குடுப்பீங்கள்ல, அதுல வார்த்தை எப்புடி வரும்? நீதான் அதுல எக்ஸ்பர்ட்டாச்சே." உனக்கா என்று கேட்டேன். இல்லை, லேபில் கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு என்றாய். அவளுக்கு நான் கோமதி என்று பெயர் வைத்துக்கொள்கிறேன், அவள் உண்மைப் பெயர் நமக்குள் இருக்கட்டும். உங்கள் சிமெண்ட் ஆலை லேபில் ஷிப்ட் இன்சார்ஜ் பதவி ஒன்று காலியாகிறது. வரிசையில் முதல் ஆள் கோமதி. பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பி நான்கு மாதம்தான் ஆகிறது. அவளாகவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பின்னால் யாரும் கேள்வி கேட்க முடியாது என்பது உங்கள் மேனேஜரின் யோசனை. அதை எழுதி வாங்கும் வேலையை அவர் உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார். கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டு ஒன்று சொன்னாய்: "அவங்களுக்கு அடுத்து நான்தாம்மா." அந்த இடத்தில்தான் என் சிக்னல் போனது.

போனில் பதில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். உன் "சரிம்மா"வுக்கும் உங்கப்பாவின் "உன் இஷ்ட"த்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டுமே கதவைச் சாத்தாமல் சாத்துகிற வித்தை. அதனால் எழுதுகிறேன். எதிரில் பாதி மூடிய பை ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் நான் செந்துறைக்குக் கிளம்புகிறேன், ஐம்பத்தெட்டு வயதில், கண்காணிப்பாளராக. இந்த வயதில் ஊரில் மற்ற பெண்கள் பேரனைக் குளிப்பாட்டக் கிளம்புவார்கள். நான் ஒரு ஆபீசையே குளிப்பாட்டப் போகிறேன், அங்கே பீரோவுக்கு மேல் இருக்கும் தூசியைப் பற்றிக் கேள்விப்பட்டதை வைத்துச் சொல்கிறேன்.

எக்ஸ்பர்ட் என்று நீ கேலியாகச் சொன்னாய், ஆனால் அது உண்மைதான். அந்தத் திறமை வந்த கதையை உனக்குப் பெருமையாகவே சொல்லியிருக்கிறேன். பதினோராம் வகுப்பில் எங்கள் வகுப்புக்கே விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான். எங்கள் தாத்தாவை மட்டும் மூன்று முறை கொன்றிருக்கிறேன். நான்காவது முறை கொல்லப்போன அன்றைக்கு, மறந்து வைத்துவிட்டு வந்த சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவரே சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றார். "ஐயா, ஒங்களுக்கு மூணு தடவ இரங்கல் சொல்லியிருக்கேன்" என்று டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார். இன்னொரு தடவை, ஒரு பெஞ்சு முழுவதற்கும் "கண்வலி" என்று எழுதிக் கொடுத்தேன். தொற்றிக்கொள்ளுமோ என்று பயந்து மறுநாள் டீச்சரே லீவு போட்டுவிட்டார், எங்களுக்குக் கணக்குப் பரீட்சை தள்ளிப்போனது. வார்த்தையைச் சரியாக வைத்தால் உண்மையை எங்கே வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம் என்று பதினாறு வயதிலேயே தெரிந்துகொண்டேன். அது எவ்வளவு ஆபத்தான படிப்பு என்று தெரிந்துகொள்ள இன்னும் இருபது வருடம் ஆனது. அந்தப் பகுதியை உன்னிடம் சொன்னதில்லை.

உனக்கு மூன்று வயதிருக்கும்போது எனக்குக் கண்காணிப்பாளர் பதவி வந்தது, ஜெயங்கொண்டத்தில். ஆர்டரின் நகலை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், பஸ்ஸில் யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. உங்கப்பா வயலில் சின்ன வெங்காயத்தைக் குவித்துப் பட்டறை போட்டு மேலே ஓலை மூடிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, போகக்கூடாது என்றும் சொல்லவில்லை. ஓலையைச் சரிசெய்துகொண்டே, "உன் இஷ்டம்மா" என்றார். இரண்டு நிமிடம் கழித்து, மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு, "பாப்பாவ யாரு பாத்துக்குவா?" என்றார். அவ்வளவுதான். என் இஷ்டம் அந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் எங்கேயோ விழுந்துவிட்டது, நானும் குனிந்து தேடவில்லை. மறுநாள் ஆபீசில் என்னைக் கேட்காமலேயே ஒரு மாதிரிக் கடிதம் மேசை மேல் இருந்தது. "குடும்பச் சூழ்நிலை காரணமாக எனக்குப் பதவி உயர்வு தற்போது வேண்டாம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." இதற்குத் துறப்புக் கடிதம் என்று பெயர். கொடுத்தால் சில வருடங்களுக்கு உன் பெயரை அந்தப் பட்டியலில் எடுக்க மாட்டார்கள், உனக்குப் பின்னால் வந்தவர்கள் உன்னைத் தாண்டிப் போவார்கள். அந்த மாதிரிக் கடிதத்தின் தமிழ் மோசமாக இருந்தது. உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? பதவி போகிறதே என்று அழவில்லை. வாக்கியத்தைத் திருத்தி, அழகாக எழுதிக் கொடுத்தாள். அதிகாரி படித்துவிட்டு, இனிமேல் இதையே மாதிரியாக வைத்துக்கொள்ளலாம் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. நினைத்துப் பார், பெருமையாக இருந்தது.

அதன்பிறகு ஆபீசில் எந்தப் பெண்ணுக்குப் பதவி உயர்வு வந்தாலும் நேராக என் மேசைக்கு வருவாள். முற்றும் துறந்த முனிவர்கள் காட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள். எங்கள் ஆபீசில் வந்து பார்த்திருக்க வேண்டும், அத்தனை முனிவர்களும் சேலை கட்டிக்கொண்டு டிபன் பாக்சோடு வந்தார்கள். ஆண்கள் எழுதவில்லையா என்றால், எழுதினார்கள். ஒருவர் மக்காச்சோளம் அறுப்பு இருக்கிறது, இப்போது ஊரைவிட்டுப் போக முடியாது என்று எழுதினார். இவ்வளவு நல்ல வாய்ப்பை விடலாமா என்று ஆபீசே அவருக்கு இரண்டு நாள் அறிவுரை சொன்னது. எங்களில் யாரிடமாவது ஒருவர், ஒரே ஒருவர், "ஏம்மா, யோசிச்சியா?" என்று கேட்டிருந்தால் நான் இன்றைக்கு இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன். பதினோரு பேருக்கு எழுதிக் கொடுத்தேன். எனக்கு மூன்று.

அந்தப் பதினோரு பேரில் மும்தாஜ் அக்காவை உனக்குத் தெரியும், ரம்ஜானுக்கு நமக்குப் பிரியாணி கொண்டுவருவார்களே அவர்கள்தான். துறைத் தேர்வு எல்லாவற்றையும் முதல் தடவையிலேயே பாஸ் செய்தவர்கள். விதிமுறையில் சந்தேகம் என்றால் அதிகாரிகளே அவர்கள் மேசைக்குத்தான் வருவார்கள். அவர்களும் ஒருநாள் வெள்ளைத்தாளோடு வந்து, "நீ எழுதுனா நல்லாருக்கும்டி" என்றார்கள். எழுதினேன். கடைசிவரைக்கும் அதே நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றார்கள். அந்த விழாவில் அவர்களுக்கு மாலை போட்டவர், அவர்களிடமே வேலை கற்றுக்கொண்ட ஒருவர், அப்போது அவர்களுக்கு இரண்டு படி மேலே இருந்தார். கைதட்டல் எல்லாம் முடிந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னிடம் மெதுவாகச் சொன்னார்கள்: "என் பீரோவுல அந்த லெட்டரோட காப்பி இருக்குடி. அப்பப்ப எடுத்துப் படிப்பேன். எவ்வளவு மரியாதையா என்ன நானே வெளிய அனுப்பியிருக்கேன் பாரேன்." அவர்கள் சிரித்தார்கள். கையிலிருந்த கேசரியை நான் அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

இந்தக் குற்றத்தை எல்லாம் கழுவ நான் ஒரு வழி வைத்திருந்தேன். அந்த வழி நீ. அப்போது எல்லோரும், நான் உட்பட, உன்னை மகள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நான் விட்ட நாற்காலியில் உன்னை உட்கார வைப்பதாகத் திட்டம். உனக்குப் பாவாடை சட்டை வாங்கிய நேரத்தைவிடக் குரூப் தேர்வுப் புத்தகம் வாங்கிய நேரம் அதிகம். நீ வேதியியல் படிக்கப் போனபோதுகூட, படித்துவிட்டுப் பரீட்சை எழுதலாம் என்று கணக்குப் போட்டேன். உன் கழுத்தில் ஒரு பெண் அதிகாரியின் அடையாள அட்டை தொங்குவதை நான் பலதடவை பார்த்தாயிற்று, மனசுக்குள்தான். அந்த அட்டையில் இருந்த முகம் உன்னுடையதே இல்லை என்பதை மட்டும் பார்க்கவில்லை.

அரியலூர் பஸ் ஸ்டாண்டு ஞாபகம் இருக்கிறதா? நீ கல்லூரி இரண்டாம் வருடம், தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாய். பெரம்பலூர் பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர், "தம்பி, படியில நிக்காத, உள்ள போ" என்றார். நீ உள்ளே போனாய். இடம் காலியாக இருந்தது, ஆனால் உட்காரவில்லை. அவர் இன்னொரு தடவை அப்படிக் கூப்பிடுவாரா என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் அவசரமாக, பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "தம்பி இல்லைங்க, பொண்ணு" என்றேன். நீ போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாய். பெரம்பலூர் வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை. நான் செய்த தவறுகளில் எதைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று கேட்டால், மூன்று துறப்புக் கடிதங்களுக்கு முன்னால் அந்த மூன்று வார்த்தையைத்தான் கேட்பேன்.

பிறகு, நான் உன் மகன்தான் என்று நீயாகவே சொன்ன அன்றைக்கு நான் பேசியதும் மறக்கவில்லை. நான் தோற்ற இடத்தில் ஜெயிப்பதற்காக ஒரு பெண்ணை வளர்த்தேன், நீ இப்படிக் கட்சி மாறிவிட்டாயே என்று கத்தினேன். உன் அழுகைக்கு நடுவிலும் நீ என் பிள்ளை என்பதைக் காட்டினாய். "கட்சி மாறலம்மா. லிஸ்ட்ல பேரு தப்பா ஏறியிருந்துச்சு, திருத்திக்கறேன். எலெக்‌ஷன் டூட்டிக்குப் போறவ நீ, ஒனக்கு இது புரியணும்" என்றாய். புரியவில்லை. எட்டு மாதம் உன்னோடு சரியாகப் பேசவில்லை. கல்லங்குறிச்சிப் பெருமாளிடம் போய் முறையிட்டேன், என் பிள்ளையை மாற்று என்று. திரும்பி வரும்போதுதான் உறைத்தது: தேவைப்பட்டபோது மோகினியாக வேலை பார்த்துவிட்டு வந்தவர் அவர், அவரிடம் போயா இந்த மனுவைக் கொடுத்தோம்? தப்பான அலுவலகத்தில் கொடுத்த மனு அது, நிராகரிக்கப்பட்டது நியாயம்தான். அந்த வாரம்தான் உன் பெயர் மாற்றத்துக்கு அரசிதழ் விண்ணப்பத்தை நானே எழுத உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய கடிதங்களில் பொய்யே இல்லாத முதல் கடிதம் அது. எழுதி முடித்து உன்னிடம் நீட்டி, "தம்பி, தப்பு எதாவது இருக்கா பாரு" என்றேன். நீ தாளைப் பார்க்கவே இல்லை.

இதையெல்லாம் இப்போது ஏன் கிளறுகிறேன் என்றால், நீ மறந்துவிட்டாயோ என்று பயமாக இருக்கிறது. உன் முதல் வேலையில், வேறொரு ஆலையில் உன்னை மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், மாதிரி எடுக்கும் இடத்தை மாற்றினால் சோதனை முடிவு சீராக வரும் என்று ஒரு யோசனை சொன்னாய். யாரும் காதில் வாங்கவில்லை, டீ வந்துவிட்டதா என்று உன்னிடமே கேட்டார்கள். பிறகு பெயர் மாறி, குரல் மாறி, இந்த ஆலைக்கு வந்தபின் அதே யோசனையை அதே வார்த்தையில் சொன்னாய். மேனேஜர் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். அன்றைக்கு எனக்குப் போன் செய்து விழுந்து விழுந்து சிரித்தாய். "தாடிக்கு இம்புட்டு மரியாதையாம்மா? தெரிஞ்சிருந்தா ஒனக்கும் ஒண்ணு வாங்கித் தந்திருப்பேனே" என்றாய். நானும் சிரித்தேன். அப்புறம் பாத்திரம் கழுவும்போது எனக்குள் ஒன்று ஓடியது. உலகத்தில் பெரும்பாலான ஆண்களுக்கு, கதவு திறந்து கிடப்பதுகூடத் தெரியாது, அது எப்போதும் திறந்தே இருந்ததால். என் மகன் அந்தக் கதவின் இரண்டு பக்கமும் நின்றவன். அவனிடம் யாரும் கதை விட முடியாது. அப்படித்தான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதில் எனக்கு ஆறாதது, மேனேஜர் உன்னைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொன்ன காரணம்தான். "நீங்க பேசுனா அவங்க கேப்பாங்க. ஒங்களுக்கு அந்தப் பக்கமும் தெரியுமே." சொல்லிவிட்டுத் தோளில் தட்டினாராம். கூடவே, உங்கள் விஷயத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லையே என்றும் ஞாபகப்படுத்தினாராம். அடேயப்பா, என்ன பெருந்தன்மை. நீ பட்ட எல்லாவற்றையும், கண்ணாடியோடு சண்டை போட்ட வருடங்களை, ஊசியை, கோர்ட்டை, என் எட்டு மாதத்தை, எல்லாவற்றையும் எடுத்து ஒரு கத்தரிக்கோலாக்கி, கோமதியின் பெயரைப் பட்டியலில் இருந்து வெட்டச் சொல்லி உன் கையிலேயே கொடுக்கிறார். ஆமாம், உனக்கு அந்தப் பக்கம் தெரியும். தெரிந்தவன் செய்கிற வேலையா இது?

நீ கெட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். "அவங்களுக்கே இஷ்டம் இல்லம்மா, கொழந்த சின்னது" என்றாய். அதை யார் சொன்னது, கோமதியா, மேனேஜரா என்று கேட்டேன். நீ இருமினாய். மகனே, நம் வீட்டில் "உன் இஷ்டம்" என்ற சொல் என்ன வேலை பார்த்தது என்று மேலே எழுதிவிட்டேன். அதனால் உனக்கு ஒரே ஒரு வேலை சொல்கிறேன். மேனேஜர் அறையில் வேண்டாம், லேபில், அவள் கையில் தாளும் பேனாவும் இல்லாத நேரத்தில், "இந்தப் பதவி ஒங்களுக்கு வேணுமா?" என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். குழந்தை சின்னதாயிற்றே என்று சேர்க்காதே, நைட் ஷிப்ட் இருக்குமே என்று இழுக்காதே, வானத்தைப் பார்த்து மழை வருமா என்று யோசிக்காதே. அவள் வேண்டும் என்றால், அதைக் கொண்டுபோய் மேனேஜரிடம் அதே வார்த்தையில் சொல், உன் தாடியோடு. அந்தத் தாடிக்குக் கிடைக்கிற மரியாதையைச் செலவழிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

வேண்டாம் என்று சொன்னால்? சொல்லட்டும், அது அவள் உரிமை. ஆனால் ஏன் என்பதை அவளே அவள் வார்த்தையில் எழுதட்டும். இரவு ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போக வண்டி இல்லை. பிள்ளைக்குப் பால் எடுத்துவைக்க ஒரு அறை இல்லை, சாம்பிள் வைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறாள் என்று நீதானே ஒருநாள் சொன்னாய். அதையெல்லாம் எழுதினால் அது எப்படிக் குடும்பச் சூழ்நிலை ஆகும்? அது ஆலைச் சூழ்நிலை. நான் எழுதிக் கொடுத்த பதினான்கு கடிதத்திலும் இதைத்தான் மறைத்தேன். பஸ் இல்லாததை, கழிப்பறை இல்லாததை, பிள்ளையைப் பார்க்க ஆள் வைக்காத புருஷனை, கேள்வியே கேட்காத அதிகாரியை, எல்லாவற்றையும் இரண்டு வார்த்தைப் போர்வையில் சுற்றிக் குடும்பத்தின் தலையில் வைத்தேன்.

உனக்கு வேலை போய்விடுமோ என்று பயமா? பயம் இருக்கத்தான் செய்யும், இல்லை என்று நடிக்காதே. ஆனால் உன் காகிதம் எல்லாம் முறையாக இருக்கிறது, நான் எழுதியதாயிற்றே. நீ மறைக்காத ஒன்றை ரகசியம் மாதிரிப் பிடித்துவைத்துக்கொண்டு, அதைக் காப்பாற்றித் தருவதற்கு அவர் கூலி கேட்கிறார். கொடுக்காதே. அப்படியும் வேலை போனால் வீட்டுக்கு வா. உங்கப்பா நான் இல்லாத நாட்களுக்காகத் தோசை சுடக் கற்றுக்கொண்டிருக்கிறார். வட்டம் இன்னும் கைக்கு வரவில்லை, செந்துறைத் தாலுகா வரைபடம் மாதிரி வருகிறது, ருசியில் குறையில்லை.

அவரைப் பற்றிச் சொன்னதும் ஞாபகம் வருகிறது, நான்காவது ஆர்டர் வந்த கதையை உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. ஆர்டர் வந்த அன்று மதியமே, நான் கேட்காமலேயே, துறப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்து என் மேசையில் வைத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு வருடம்தானே, இந்த வயதில் எதற்கு அலைச்சல், கையெழுத்துப் போட்டால் மட்டும் போதும் என்று பிரிவு எழுத்தர் அன்பாகச் சொன்னார். படித்தேன். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் நான் திருத்திய அதே வாக்கியம், கமா கூட மாறவில்லை. சிவப்பு மையை எடுத்தேன். பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு என் கை அவ்வளவு குறுகுறுத்ததில்லை. ஓரத்தில் அழகாக எழுதினேன்: "வரைவு பார்வையிடப்பட்டது. இதில் உள்ள செய்தி உண்மைக்குப் புறம்பானது. எழுதியவரே திரும்பப் பெறுகிறார்." கீழே கையெழுத்து, தேதி. எழுத்தர் அதை மூன்று தடவை படித்துவிட்டு, இதை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று கேட்டார். மும்தாஜ் அக்காவுக்கு ஒரு நகல் அனுப்பச் சொன்னேன். அனுப்பவில்லை, அதனால் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அதைப் பழைய நகலுக்கு மேலே வைத்துப் பீரோவைப் பூட்டினார்கள்.

வீட்டில் சொன்னபோது உங்கப்பா பழக்கதோஷத்தில், "உன் இஷ்டம்மா" என்றார். "ஆமாங்க, இந்தத் தடவ என் இஷ்டந்தான்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, எந்தப் பையைக் கொண்டுபோகப் போகிறாய், அதில் ஜிப் சரியில்லையே என்றார். மறுநாள் டவுனுக்குப் போய் அவரே ஜிப்பை மாற்றிக்கொண்டு வந்தார். முப்பது வருடத்தில் எனக்கு அவர் வாங்கிக் கொடுத்த நகைகளைவிட அந்த ஜிப் கனமானது.

சரி, நீ வார்த்தைதானே கேட்டாய்? எக்ஸ்பர்ட்டைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு போகக்கூடாது. கோமதி வேண்டும் என்று சொன்னால், அவளுக்கு மாதிரிக் கடிதம் இதோ. என் பதினைந்தாவது கடிதம் இது, உரிமை எல்லாம் உன்னுடையது. "பொருள்: பதவி உயர்வு, ஏற்றுக்கொள்ளுதல் தொடர்பாக. ஐயா, எனக்கு ஒரு கைக்குழந்தை இருக்கிறது. அது வளரும்போது அதன் அம்மா எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் என்று அதற்குத் தெரிய வேண்டும். எனவே குடும்பச் சூழ்நிலை காரணமாக இந்தப் பதவி உயர்வை ஏற்றுக்கொள்கிறேன்." பணிவுடன் என்று போட வேண்டாம். அந்த வார்த்தையை நாங்கள் போதுமான அளவு போட்டாயிற்று.

இந்தக் கடிதத்தோடு இன்னொரு கவரும் வைத்திருக்கிறேன், பார். ஸ்டாம்பு ஒட்டி, ஒரு பத்திரிகையின் முகவரி எழுதியிருக்கிறேன். நம் கதையைப் பொதுவில் எழுதட்டுமா என்று முன்பு ஒருதடவை கேட்டபோது, "எழுதிக்கோ, பழைய பேரப் போடாத, ஸ்கூல் போட்டோவப் போடாத" என்றாய். இரண்டும் போடவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு நான் அனுப்பப் போவதில்லை. கோமதியிடம் கையெழுத்து வாங்குவாயானால், இதை நாலாக மடித்து உன் பீரோவில் வைத்துக்கொள், ஒருவரும் பார்க்க வேண்டாம். அப்போதும் நீ என் பிள்ளைதான். வெள்ளிக்கிழமை செந்துறையிலிருந்து திரும்பும்போது, நீ எந்த முடிவு எடுத்திருந்தாலும் அரியலூரில் இறங்கி உன் வீட்டுக்கு வருவேன், சோறு வடித்து வை. வாங்காமல் இருந்தாயானால், இதை அந்தக் கவரில் போட்டு ஒட்டி, ஆலை வாசலில் இருக்கும் தபால் பெட்டியிலேயே போட்டுவிடு. மேனேஜர் ஜன்னல் வழியாகப் பார்த்தால் பார்க்கட்டும்.

அச்சில் இதை யாராவது படித்தால், நீ என்ன செய்தாய் என்று அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உன் அம்மா,
கண்காணிப்பாளர்